மதுரைக்கு வந்த கப்பல்

என் பேத்தி கம்ப்யூட்டரில் ஊர் கட்டுகிறாள். ரோடு போடுகிறாள், மின்சாரம் கொடுக்கிறாள், குப்பை அள்ள லாரி அனுப்புகிறாள். ஒரு மூலையில் ஜனத்தொகை ஏறிக்கொண்டே போகிறது. இதெல்லாம் ஒரு விளையாட்டா என்று என் வயதுக்காரர்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரியும். போன வாரம் கோயிலில் பார்த்தபோது நீங்களே புலம்பினீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நாமும் ஊர் கட்டியவர்கள்தான். உங்களில் பலர் மணலில் ஒரு வீடு கட்டிக் காலால் மிதித்துவிட்டு எழுந்து போயிருப்பீர்கள். நாங்கள் அப்படி விட்டவர்கள் இல்லை. இங்கே போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு முழு மதுரையையே கட்டினோம். எங்கள் குடும்பம் தீவில் இருப்பதா, ஊர் திரும்புவதா என்பதை அந்த விளையாட்டுதான் கடைசியில் முடிவு செய்தது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. அப்பா போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று மதுரையிலிருந்து கப்பலேறியவர். அம்மாவையும் அழைத்துக்கொண்டார். நானும் தம்பியும் இங்கேயே பிறந்தோம். மெயின்லேண்ட் என்ற சொல்லைத் தினமும் கேட்டோமே தவிர, அதைக் கண்ணால் பார்த்ததில்லை. தம்பி என்னைவிடச் சின்னவன், வாய் மட்டும் என்னைவிடப் பெரியது. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் குடும்பம், வங்காளிகள். அந்த வீட்டுப் பெண் எனக்கு மூத்தவள் என்பதால் தீதி என்று கூப்பிடுவோம். அவர்கள் வீட்டுக்குள் வங்காளம், எங்கள் வீட்டுக்குள் தமிழ். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த மூங்கில் வேலியருகே வந்துவிட்டால் எல்லாருக்கும் இந்தி.

வேலிக்குப் பின்னால் நிலம் சரிந்து ஒரு ஓடையில் போய் முடியும். மழைக்காலத்தில் அந்தச் சரிவின் களிமண் கையில் அல்வா போல வரும். அங்கே ஒரு பாதாம் மரம் குடை பிடித்த மாதிரி நின்றது. அதற்கடியில் விளையாடினால் சிறு தூறலில் நனைய வேண்டாம். முதலில் போர்ட் பிளேரைத்தான் கட்ட ஆரம்பித்தோம். தம்பி எடுத்த எடுப்பில் கேட்டான்.

"இதுதான் ஏற்கெனவே இருக்கே. அப்புறம் எதுக்குக் கட்டணும்?"

நியாயமான கேள்வி. பார்க்காத ஊரைக் கட்டுவது என்று முடிவானது. தீதிக்கு அவளுடைய அப்பா விட்டுவிட்டு வந்த ஊரின் பெயரைச் சொல்லவே பிடிக்கவில்லை. "தும்ஹாரா மதுரை பனாதே ஹைன்" என்றாள், உங்கள் மதுரையையே கட்டுவோம் என்று. அப்படித்தான் மதுரை வந்தது.

அப்பா சாப்பிடும்போது நாங்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்போம். நடுவில் கோயில், அதைச் சுற்றி வீதி, அதைச் சுற்றி இன்னொரு வீதி என்று அவர் சோற்றில் விரலால் கட்டம் போட்டுக் காட்டுவார். ரசம் அந்த வீதிகளில் ஓடும். மறுநாள் நாங்கள் அதை மண்ணில் போடுவோம். கோயிலுக்கு ஒரு பெரிய பவளப்பாறைத் துண்டு கிடைத்தது. வீடுகளுக்கு சாத்தம் மரமில்லில் இருந்து அடுப்பெரிக்க வரும் படாக் மரக் கட்டைத் துண்டுகள். வெட்டிய பக்கம் செக்கச் சிவப்பாக இருக்கும், மழை பட்டால் ஒரு வாசனை எழும். அந்த வாசனைக்கு இன்றுவரை எனக்குப் பெயர் தெரியாது. தகரக் கூரைக்குப் பால் டின்னை வெட்டித் தட்டிக்கொண்டோம். தம்பிக்குக் கையில் வெட்டுக் காயம், எனக்கு முதுகில் அடி.

முதல் மதுரையை ஒரே நாளில் கட்டி முடித்துவிட்டோம். அதுதான் பெரிய தப்பாகப் போயிற்று. மறுநாள் போய் நின்றால் செய்வதற்கு எதுவுமில்லை. மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது தம்பி ஒரு சட்டம் கொண்டுவந்தான். ஊர் இஷ்டத்துக்கு வளரக் கூடாது. கப்பல் வந்தால்தான் ஆள் வரும், ஆள் வந்தால்தான் வீடு.

உங்களுக்கு நினைவிருக்கும், அன்றைக்கெல்லாம் மெட்ராஸ் கப்பலோ கல்கத்தா கப்பலோ வந்தால்தான் இங்கே எதுவும் நடக்கும். வெங்காயம் வரும், கடிதம் வரும், மாப்பிள்ளை வருவார், புது அதிகாரி வருவார். துறைமுகத்திலிருந்து அந்தக் கனத்த ஹார்ன் சத்தம் கேட்டால் குவார்ட்டர்ஸ் முழுக்க "ஜஹாஜ் ஆ கயா", கப்பல் வந்தாச்சு என்று கூச்சல். அந்த ஹார்ன்தான் எங்கள் மதுரைக்கும் கடிகாரம். நிஜக் கப்பல் வந்தால், தம்பி சோப்புப் பெட்டியில் செய்த கப்பலும் வரும். அதிலிருந்து சோழிகள் இறங்கும். ஒரு சோழி ஒரு ஆள். இறங்கியவர்களை உடனே வீட்டில் வைக்க முடியாது. முதலில் ஒரு கொட்டகையில் தங்கவேண்டும். பிறகு தண்ணீர் எங்கே, வேலை எங்கே, ரேஷன் கடை எங்கே என்று மூவரும் சண்டை போட்டு முடிவு செய்த பிறகுதான் வீடு. மழையில் கப்பல் தாமதமானால் ஊரில் பஞ்சம். பாதாம் கொட்டைகளை எண்ணிக் கொடுத்து தம்பி ரேஷன் நடத்துவான். அதில் அவன் சோழிகளுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக விழும்.

தண்ணீர் தீதியின் பொறுப்பு. எங்கே நாலு வீடு வந்தாலும் அங்கே ஒரு குளம் தோண்டிவிடுவாள். மதுரையில் வீட்டுக்கு வீடு குளம் கிடையாது என்று நான் சொன்னால், "ஃபிர் மச்லி கஹான் ஸே ஆயேகா?" என்பாள். அப்புறம் மீனுக்கு எங்கே போவார்களாம். நான் சிரித்தேன். ஆனால் ஒரு பெரிய மழையில் மேட்டுத் தெருவெல்லாம் கரைந்து ஓடியபோது, தீதியின் குளங்கள் இருந்த பக்கம் மட்டும் தண்ணீரை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றது. அதற்குப் பிறகு நானே குளம் தோண்டக் கேட்டுக்கொண்டேன்.

ரோடு என் பொறுப்பு. ஸ்கேல் வைத்த மாதிரி நேராகப் போட்டேன். ஊருக்குள் ஓட பஸ் வேண்டுமே. ஜங்கிலிகாட் கரையில் சங்கைச் சுமந்து திரியும் நண்டுகளை டின்னில் பிடித்து வந்து விட்டோம். அவை என் ரோட்டைச் சட்டையே செய்யவில்லை. கோயிலைச் சுற்றாமல் குறுக்கே போயின, மேட்டை நேராக ஏறாமல் வளைந்து ஏறின. எனக்கு அழுகையே வந்தது. தீதிதான் சும்மா இருந்து பார்க்கச் சொன்னாள். ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். ஈர மண்ணில் அவற்றின் கால் தடம் ஊசித் தையல் மாதிரி விழுந்திருந்தது. எல்லாத் தடமும் ஓரிடத்தில் ஒன்றாகச் சேர்ந்து, பிறகு பிரிந்தது. மறுநாள் என் ரோட்டை அழித்துவிட்டு அந்தத் தடத்தின் மேலேயே போட்டேன். தடங்கள் சேர்ந்த இடத்தில் பஜார் வைத்தோம். இன்றைக்கும் ஒரு புது ஊருக்குப் போனால் பஜார் ஏன் இந்த இடத்தில் வந்தது என்று நின்று யோசிப்பேன். கூட வருபவர்களுக்குக் கால் வலிக்கும்.

மதுரையில் வைகை உண்டு என்று அப்பா சொல்லியிருந்தார். நாங்கள் ஆற்றைக் கண்டதில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கடல் ஏறி இறங்கும் கழிமுகம்தான். அதனால் வைகையில் காலையும் மாலையும் தண்ணீர் ஏறும், இறங்கும். தம்பி ஒரு குவளையோடு அந்த வேலையைப் பார்த்துக்கொண்டான். ஒருநாள் துணி காயப்போட வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னடா இது?"

"வைகைம்மா. இப்ப தண்ணி ஏறுற நேரம்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வைகையில இம்புட்டுத் தண்ணிய நான் ஒரு நாளும் கண்டதில்லடா" என்றாள். அதோடு போகவில்லை. ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்து ஊரைப் பார்த்தாள். கோயில் வாசலில் பூக்கடை இல்லையே என்று கேட்டாள். அவளே நாலு நந்தியாவட்டைப் பூவைப் பறித்து அங்கே வைத்தாள்.

இந்தக் காட்சியை அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். அவர் என்ன நினைத்துக்கொண்டார் என்பது கொஞ்ச நாளில் எங்கள் காதில் விழுந்தது.

அப்போது அவருக்கு மெயின்லேண்டுக்கு மாற்றல் கிடைப்பதாக இருந்தது. மதுரைக்கே. அடுத்த கப்பல் வந்து திரும்புவதற்குள் சம்மதமா இல்லையா என்று மேலதிகாரியிடம் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் அதே கப்பலில் போக வேண்டும். இன்னொரு பக்கம், கராச்சர்மாவில் அவருக்கு ஒரு மனை ஒதுக்குவதாகப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வருவார். வந்ததும் கிணறு இந்தப் பக்கம் வரும், முருங்கை அந்தப் பக்கம் என்று தனக்குத்தானே பேசிக்கொள்வார். மாற்றலை ஏற்றால் மனை போய்விடும். அந்த மனையின் மேல் அவருக்கு எவ்வளவு ஆசை என்று எங்களுக்கே தெரிந்திருந்தது.

ஆனாலும் ஒரு சாயங்காலம் அடுக்களை வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னார்.

"புள்ளைங்க பொழுதன்னிக்கும் மதுரை மதுரைன்னு மண்ணுல கட்டுதுங்க. நீயும் போயி பூ வச்சிட்டு வர்ற. எனக்குப் புரியுது. நாந்தான் எல்லாரையும் கொண்டாந்து இங்க போட்டுட்டேன். போயிருவோம்."

அம்மா "ம்" என்றாள். மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். அவர் அந்த "ம்"மைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். கப்பல் நாளில் அவள் பஜாருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது துறைமுகத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நிற்பாள். நானும் கூட நின்றிருக்கிறேன். அதையும் ஊர் ஏக்கம் என்றுதான் அப்பா கணக்கில் வைத்திருந்தார்.

எங்களுக்கு ஏக்கம் கீக்கம் ஒன்றும் கிடையாது என்று அவரிடம் யார் சொல்வது? மதுரை எங்களுக்குப் பார்க்காத ஊர், அவ்வளவுதான். லண்டனை விவரமாகச் சொல்ல வீட்டில் ஆள் இருந்திருந்தால் லண்டனைக் கட்டியிருப்போம். பிள்ளைகள் எதை விளையாடுகிறார்களோ அதற்காக ஏங்குகிறார்கள் என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நீங்களும் நானும் கூட அதைச் செய்திருக்கிறோம்.

கப்பல் வந்தது. அதில் காண்ட்ராக்டர் மாமா வந்தார். மதுரைக்காரர், மரக் காண்ட்ராக்ட் எடுத்து வருஷத்தில் பாதி இங்கே இருப்பார். உறவு எதுவும் இல்லாவிட்டாலும் ஒரே ஊர் என்பதால் அம்மாவுக்கு அண்ணன், எங்களுக்கு மாமா. பெரிய குரல், பெரிய வயிறு. மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவப் பின்பக்கம் வந்தவர் எங்கள் ஊரைப் பார்த்துவிட்டார். புதுச் சோழிகளை இறக்கிக்கொண்டிருந்தோம்.

"என்னத்தா இது?"

"மதுரை மாமா" என்றேன்.

"அடி சக்கை! ஆமா, இது கோயிலு. இது மாசி வீதி. பரவால்லையே. இது என்னது, கட்டை நீட்டிக்கிட்டு நிக்குது?"

"அது ஜெட்டி மாமா" என்றான் தம்பி. "ஜஹாஜ் வந்து நிக்கும்ல. இந்தப் பக்கம் மரமில்லு. இது அக்கரை பாம்பூஃப்ளாட் போற ஃபெர்ரி."

மாமா சிரித்த சிரிப்பில் பாதாம் மரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. "ஏ மாப்ள! இங்க வந்து பாரும்யா! ஒம்ம மகன் மதுரைக்குக் கப்பல் விட்டிருக்கான்!"

அப்பா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே பின்வாசலில் வந்து நின்றார். அவருக்கும் சிரிப்பு வந்தது. தீதி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். தம்பிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவன் ஒரு சோழியைக் கையில் பிடித்தபடி மாமாவை நேராகப் பார்த்தான்.

"மதுரையில கடலு இல்லையா?"

"இல்லடா."

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூட இல்ல. எந்தப் பக்கம் நடந்தாலும் தரைதான்."

"அப்ப மதுரை ஆளுங்க எல்லாம் எந்தக் கப்பல்ல வந்தாங்க?"

"கப்பல்ல வரலடா. அவுங்க அங்கனயேதான் இருக்காங்க."

"அதுக்கு முன்னாடி எங்க இருந்தாங்க?"

"முன்னாடியும் அங்கனதான். அவுங்க அப்பன், பாட்டன், பூட்டன் எல்லாம் அங்கனதான்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் தீதிக்கு இந்தியில் சொன்னேன். அவள் "சச்?" என்று கண்ணை விரித்தாள். நிஜமாகவா என்று. எங்களுக்கு அது நம்ப முடியாத செய்தி. நாங்கள் அறிந்த ஒவ்வொருவரும் எங்கிருந்தோ வந்தவர்கள். கம்பவுண்டர் வங்காளத்திலிருந்து, பால்காரர் ராஞ்சியிலிருந்து, மீன்காரம்மா ஆந்திரக் கரையிலிருந்து, எங்கள் வாத்தியார் கேரளத்திலிருந்து. பரம்பரையாகத் தீவுக்காரர் என்று பெருமை பேசும் கடைக்காரரின் தாத்தாவே கைதியாக, விலங்கோடு கப்பலில் வந்தவர். புதிதாக ஒருவரைப் பார்த்தால் பெயர் கேட்கும் முன் எங்கிருந்து வந்தாய் என்றுதான் கேட்போம். அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லாத ஓர் ஊர் இருக்கிறதா?

தம்பி கையிலிருந்த சோழியைக் கீழே வைத்தான். பிறகு ரொம்பப் பரிதாபமாகச் சொன்னான்.

"பாவம் மாமா அவங்க. புதுசா யாருமே வர மாட்டாங்க."

மாமா வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்பா அங்கேயே நின்றார். எங்கள் ஊரை முதன்முதலாகப் பார்ப்பவர் போல ஜெட்டியிலிருந்து பஜார் வரைக்கும், பஜாரிலிருந்து குளங்கள் வரைக்கும் பார்த்துக்கொண்டு வந்தார். பெயரைத் தவிர அதில் மதுரை என்று எதுவும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

கப்பல் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நிஜ மதுரைக்குப் போவமா?"

"போவோம்ப்பா!" என்று தம்பி எழுந்தே விட்டான். "எந்தக் கப்பல்ல திரும்பி வருவோம்?"

"திரும்பி வர்றதில்லடா. அங்கயே இருக்கிறதுக்கு."

தம்பியின் முகம் விழுந்துவிட்டது. என்னைக் கேட்டார். நான் பெரிய மனுஷி மாதிரி யோசித்துவிட்டுச் சொன்னேன்.

"பாத்துட்டு வந்துருவோம்ப்பா. எப்படி இருக்குன்னு பாக்கணும். ஆனா வந்துரணும்."

அப்பா என் தலையில் கை வைத்தார். கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். அது துக்கம் அல்ல, சந்தோஷம் என்று புரிந்துகொள்ள எனக்கு வெகு காலம் ஆயிற்று. அவர் நேராக அடுக்களைக்குப் போனார். மழையில் நனைந்த விறகு புகைந்துகொண்டிருந்தது.

"போகலன்னு சொல்லிரப் போறேன்" என்றார் அம்மாவிடம். "கராச்சர்மா மனையை வாங்கிருவோம். புள்ளைங்களுக்கு இதுதான் ஊரு."

"சரிங்க" என்றாள் அம்மா.

"நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காத. லீவு கெடைக்கும்போதெல்லாம் ஒன்னய ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"சரிங்க."

அவள் ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதினாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. புகை என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள். புகை இல்லை என்று எங்களுக்கும் தெரிந்தது, அப்பாவுக்கும் தெரிந்தது. ஊருக்குப் போக முடியாமல் போனதற்காக அழுகிறாள் என்று நாங்கள் எல்லாரும் ஒருமனதாக முடிவு செய்தோம். தம்பி அன்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அவள் மடியிலேயே கிடந்தான். அவனுக்குத் தெரிந்த சமாதானம் அது.

நாங்கள் கராச்சர்மாவுக்குக் குடி போவதற்குள் அந்த மழைக்காலம் முடிந்துவிட்டது. விளையாட்டில் எங்களுக்கும் சலிப்பு வந்திருந்தது. பவளப்பாறைக் கோயிலை யாரோ வேலிக்கு முட்டுக் கொடுக்க எடுத்துப் போனார்கள். தகரக் கூரைகள் துருப்பிடித்து மண்ணோடு போயின. தீதிக்குக் கல்யாணமாகி அவள் எந்தத் தீவுக்குப் போனாள் என்பதை அறியவே எனக்குப் பல வருஷம் பிடித்தது. பிறகு ஒரு விடுமுறையில் நிஜ மதுரையையும் பார்த்தோம். கோயில் நாங்கள் நினைத்ததைவிட ஆயிரம் மடங்கு பெரிதாக இருந்தது, வைகையில் வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. பார்த்தோம், திரும்பினோம்.

அப்பா தன் வாக்கைக் காப்பாற்றினார். விடுப்புக் கிடைத்த போதெல்லாம் அம்மாவுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்தார். அவளுக்குக் காய்ச்சல் வந்தால், அவள் பேசாமல் இருந்தால், பண்டிகை நாளில் கொஞ்சம் களைத்திருந்தால் கூட, "ஒன்னய ஊருக்கு அனுப்பாம தீவுல கட்டிப் போட்டுட்டேன்" என்பார். ரிட்டயர் ஆன பிறகும் சொன்னார். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோதும் என்னிடம் சொன்னார். அந்த ஒரு குற்ற உணர்வோடுதான் போய்ச் சேர்ந்தார்.

அவர் போய் ஒரு வருஷம் ஆகியிருக்கும். கராச்சர்மா வீட்டுப் பின்பக்கம் அம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கே அப்போது தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. ஏதோ பேச்சுவாக்கில் கேட்டேன்.

"ஏம்மா, அன்னைக்கு அப்பா எங்ககிட்டக் கேட்டாரு. ஒங்கிட்டக் கேட்டிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?"

அம்மா கையை நிறுத்தவில்லை.

"இங்கயே இருப்போம்னுதான் சொல்லியிருப்பேன்."

நான் காதில் சரியாக விழவில்லையோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன்.

"பின்ன என்ன? அங்க ஒங்க அப்பத்தா வீட்டு அடுப்படியை விட்டு வெளிய வந்து நான் வானத்தப் பாத்ததில்ல. இங்க வந்துதான் தனியா பஜாருக்குப் போனேன், கடலைப் பாத்துக்கிட்டு நின்னேன், யாரும் என்னன்னு கேக்கல. எனக்கு எதுக்குடி மதுரை?"

"அப்புறம் ஏன் அழுத?"

"சின்னப் புள்ளைங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சுக் கேட்டாரு. எங்கிட்ட வந்து முடிவத்தான் சொன்னாரு. அதுக்குத்தான் அழுதேன்."

அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் கேட்டது. கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"இத்தன வருஷத்துல ஒரு தடவ அவருகிட்ட இதைச் சொல்லியிருக்கலாமேம்மா. மனுஷன் கடைசி வரைக்கும் அதையே நெனச்சு நெனச்சுப் போனாரே."

அம்மா உருவிய கீரையை முறத்தில் பரப்பினாள். குச்சிகளை ஒன்று சேர்த்து ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தாள்.

"கேப்பாருன்னு இருந்தேன்" என்றாள்.